மூன்று மணி நேர ராகு காலம்

சிஞ்ஞோராவின் மூக்கு மூன்றாவது மாடி வரைக்கும் எட்டும். 2006 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரைத்தளத்தில் குடியிருந்த அந்த எழுபது வயது வீட்டுக்காரம்மா படியேறி வந்து கதவைத் தட்டினார். வாடகை கேட்க இல்லை.

"பூண்டு போட்டியா?"

அடுப்பில் கொத்துக்கறி வெந்துகொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சி மாணவனாக இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்த அந்தப் பையன், ஆமாம் என்று தலையாட்டினான். ஆறு பல் பூண்டு. கூடவே கொஞ்சம் மிளகாய்த்தூள், ஒரு பட்டை, வாசத்துக்கு இரண்டு கிராம்பு. பொலோஞ்ஞாவின் பெயர்பெற்ற குழம்பைச் சொந்தமாகச் செய்து, கூடக் குடியிருக்கும் இரண்டு இத்தாலியப் பையன்களை அசத்திவிடுவது என்பது திட்டம். சிஞ்ஞோரா மூடியைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்து ஊதி ருசித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இது ராகூ இல்லை."

அவனை 'நான்' என்று சொல்லிக்கொள்ள இதை எழுதுகிறவருக்கு இப்போது கொஞ்சம் கூச்சம். அவன் அவனாகவே இருக்கட்டும்.

ராகூ என்பது பொலோஞ்ஞாவின் கறிக்குழம்பு. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழனுக்குச் சிரிப்பு வரும். நம் ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அவர்களுடையதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும். அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, "சின்னோ, கீழே வா" என்று சிஞ்ஞோரா படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். 'சின்னோ' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பொடியன். நம்ம ஊர் 'சின்ன'வுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுதான். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் யாரோ தெற்குத் தெருவிலிருந்து கூப்பிடுவதுபோல அவனுக்கு இருக்கும்.

சிஞ்ஞோராவின் அடுக்களையில் அன்று நடந்ததில் பாதிக்குமேல் அவனுக்குத் தெரிந்த சங்கதிதான். பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரித்தண்டு மூன்றையும் வெண்ணெயில் மெதுவாக வதக்கினார். இதற்கு 'சொஃப்ரித்தோ' என்று பெயர். நம் தாளிப்பு மாதிரி, அதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பிறகு பன்சேத்தா என்கிற உப்பிட்ட பன்றிக்கறி. பிறகு சற்றுக் கொரகொரப்பாக அரைத்த மாட்டுக்கறி. அரை தம்ளர் ஒயின். தக்காளி விழுது ஒரு கரண்டிக்கும் குறைவுதான். சிவப்பாக இருக்கும் என்று நினைத்த குழம்பு பழுப்பாக இருந்தது. கடைசியில் பால். கறியில் பாலா என்று அவன் முழித்தபோது, தக்காளியின் புளிப்பை அது அடக்கும் என்றார். பூண்டு இல்லை. மிளகாய் இல்லை. அதன் பிறகு தீயைக் குறைத்தார். எவ்வளவு குறைத்தார் என்றால், குழம்பின் மேல்பரப்பில் எங்கோ ஒரு மூலையில் ஒரு குமிழி எழும்பி உடையும், அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டும். இப்படி மூன்று மணி நேரம்.

அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது என்பதுதான் அவனுடைய பிரச்சினை. இன்னும் கொஞ்சம் மிளகு போடலாமா, ஒரு இலை போடலாமா என்று அவன் கை அலைந்தது. சிஞ்ஞோரா அவனை உட்காரவைத்து பட்டாணி உரிக்கச் சொன்னார். அன்றைய சமையலுக்குப் பட்டாணி தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேல், குழம்பின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு விலகி மிதந்தது. "ஆயிற்று" என்று அடுப்பை அணைத்தார். அன்று சாயங்காலம் தெருமுனை போன் சென்டரிலிருந்து வீட்டுக்குப் பேசியபோது அவன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எண்ணெ பிரிஞ்சு வந்துச்சாய்யா?" என்பதுதான். பிரிந்து வந்தது என்றான். "அப்ப சரியாத்தான் வச்சிருக்கா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கறிக்குழம்பு என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான். எந்தக் கறி என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இந்தக் குழம்புக்குப் பொலோஞ்ஞாவில் பத்திரமே உண்டு. 1982 அக்டோபர் 17 அன்று, இத்தாலியச் சமையல் அகாதெமியின் உள்ளூர்க் கிளை ராகூவின் செய்முறையை நகரத்தின் வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்தது. 2023இல் அதைத் திருத்தியும் பதிந்திருக்கிறார்கள். அதோடு போகிற பாஸ்தாவுக்கு அதற்கும் முன்பே, 1972இல், பதிவு நடந்துவிட்டது. தல்யாதெல்லே என்கிற முட்டை நாடா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதாவது ஊரின் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. நம்ப முடியாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: கோபுரம் 97 மீட்டர் சொச்சம். அந்த அகலத்தில் தங்கத்தில் ஒரு நாடா செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உலகமெல்லாம் ஓட்டல்களில் விற்கிற 'ஸ்பகெட்டி போலோனீஸ்' மட்டும் அந்த ஊர்ப் பழக்கத்தில் இல்லை. உருண்டையான, வழுவழுப்பான ஸ்பகெட்டியில் கறி ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். சொரசொரப்பான தட்டை நாடாதான் அதை ஏந்திக்கொள்ளும்.

அந்தச் சொரசொரப்பு மரத்திலிருந்து வருகிறது. சிஞ்ஞோராவிடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு உருட்டுக்கட்டை இருந்தது, 'மத்தரெல்லோ' என்பார். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, வேறொன்றும் இல்லை, தண்ணீர்கூட இல்லை. பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, பெரிய மரப்பலகையில் தேய்க்க வேண்டும். சப்பாத்தி தேய்த்த கைக்கு இது என்ன பெரிய காரியம் என்று அவன் இறங்கினான். வட்டம் நன்றாக வந்தது. அதற்குப் பாராட்டும் கிடைத்தது. கனத்துக்குத்தான் வசவு. சப்பாத்தியில் கட்டை மாவை அமுக்குகிறது. இங்கே அமுக்கவே கூடாது. மாவைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, இரு உள்ளங்கைகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே உருட்டி இழுக்க வேண்டும். பலகையின் நுனியில் தொங்கும் மாவு தன் எடையாலேயே நீளும். பின்னால் வெளிச்சம் தெரிய வேண்டும். இரும்பு உருளை இயந்திரத்தில் விட்டால் ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் மாவு கண்ணாடிபோல வழுக்கும். அவனுடைய முதல் நாடாக்கள் தோல் வார் மாதிரி இருந்தன. ஏழாவது ஞாயிறு வாக்கில்தான் சிஞ்ஞோரா தன் தட்டில் அதைப் போட்டுக்கொண்டார்.

மாடியில் கூடக் குடியிருந்தவர்களில் ஒருவன் தெற்கே பாரி நகரத்துக்காரன், இன்னொருவன் ரோமாக்காரன். முட்டை போட்ட பாஸ்தா வடக்கத்தியாரின் பணக்காரத்தனம் என்பது பாரிக்காரனின் கட்சி. அவன் ஊரில் கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். விரலால் அழுத்திக் காதுமடல் வடிவத்தில் செய்கிற ஒரெக்கியெத்தே. மாதம் ஒருமுறை அவன் அம்மா பேருந்தில் ஒரு அட்டைப்பெட்டி அனுப்புவாள். தெற்கிலிருந்து வடக்கே படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டிலிருந்து இப்படி வருவதுண்டு. ஆலிவ் எண்ணெய், ஆகஸ்டில் குடும்பமே கூடி உட்கார்ந்து பாட்டிலில் அடைத்த தக்காளிச் சாறு, மொறுமொறு முறுக்கு மாதிரியான தராள்ளி. பெட்டியைப் பிரிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தால், பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வந்து இறங்கும் விடுதி அறை எதுவும் ஞாபகத்துக்கு வரலாம்.

ரோமாக்காரனிடம் கற்றது கார்பொனாரா. பன்றியின் தாடைக் கொழுப்பான குவாஞ்சாலேயை அதன் நெய்யிலேயே மொறுமொறுப்பாக்கி, வெந்த ஸ்பகெட்டியை அதில் புரட்டி, முட்டை மஞ்சள்கருவும் துருவிய பெக்கோரினோ சீஸும் மிளகும் கலந்து இறக்குவது. எழுதினால் ஒரு வரி. அவன் முதன்முதலில் செய்தபோது அடுப்பை அணைக்காமல் முட்டையை ஊற்றினான். ஸ்பகெட்டிக்கு நடுவே முட்டைப் பொடிமாஸ் கிடைத்தது. மஞ்சள்கரு 65 டிகிரிக்கு மேல் இறுகத் தொடங்கும். ஆகவே சட்டியை இறக்கிவைத்து, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரை ஒரு கரண்டி விட்டு, விடாமல் கிளற வேண்டும். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் கொழுப்பையும் முட்டையையும் சேர்த்துப் பிடித்துக் குழைவாக்குகிறது. வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றாத ஊரிலிருந்து வந்தவனுக்கு இதைச் சொல்லித்தர யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

கார்பொனாரா சீசர் காலத்துப் பண்டம் என்கிற தோரணையில் ரோமாக்காரன் பேசுவான். வருஷங்கள் கழித்து அவனுக்கு ஒரு மின்னஞ்சல் போயிற்று: ரோமாபுரிச் சமையல் பற்றி ஆதா போனி இரண்டாம் உலகப்போருக்கு முன்பு எழுதிய புத்தகத்தில் கார்பொனாராவே கிடையாது, அது போருக்குப் பிறகு வந்த பண்டம், 1954 ஆகஸ்டில் 'லா குச்சீனா இத்தாலியானா' பத்திரிகை வெளியிட்ட செய்முறையில் பூண்டும் சுவிஸ் நாட்டு குருயேர் சீஸும் இருக்கின்றன. பதில் ஒரே வரியில் வந்தது. "அந்தப் பத்திரிகை மிலானோவில் அச்சாகிறது."

சிஞ்ஞோராவிடம் ஒரே ஒரு சமையல் புத்தகம்தான் இருந்தது. அவருடைய அம்மாவுடையது; அட்டை கழன்று, வெண்ணெய்க் கறை படிந்து, நூலால் கட்டி வைத்திருந்தார். பெல்லெக்ரினோ அர்தூசி எழுதி 1891இல் ஃபிளாரன்ஸில் வெளியிட்ட 'சமையலில் அறிவியலும் நன்றாகச் சாப்பிடும் கலையும்'. பதிப்பாளர்கள் கைவிரித்ததால் பட்டு வியாபாரியான அந்த மனிதர் தன் கைக்காசைப் போட்டு ஆயிரம் பிரதி அச்சடித்தார். அப்போது அவருக்கு வயது 71. முதல் பதிப்பில் 475 செய்முறைகள். வீட்டுப் பெண்கள் கடிதம் எழுதித் திருத்தியும் சேர்த்தும் அனுப்ப, போகப்போக அது 790 ஆயிற்று. அவன் இத்தாலி மொழியைச் சரியாகப் படிக்கக் கற்றது இந்தப் புத்தகத்தில்தான். பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் இல்லை.

அர்தூசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நல்லவேளையாக: செய்முறைக்கு நடுவில் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். மினெஸ்த்ரோனே என்கிற காய்கறி சூப்புக்கு அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1855இல் அவர் லிவோர்னோ துறைமுகத்துக்குப் போகிறார். ஒரு சத்திரத்தில் மினெஸ்த்ரோனே சாப்பிட்டுவிட்டு, தொமெனிச்சி என்பவர் வீட்டில் தங்குகிறார். இரவெல்லாம் வயிறு புரட்டுகிறது. பாழாய்ப்போன சூப் என்று திட்டிக்கொண்டே மறுநாள் ஊர் திரும்பினால், பின்னாலேயே செய்தி வருகிறது: லிவோர்னோவில் காலரா, தொமெனிச்சி செத்துப்போனார். வீணாகப் பழி சுமந்த சூப்பை அதன்பிறகு பலமுறை செய்து பார்த்துத் தன் ருசிக்குக் கொண்டுவந்ததாக முடித்துவிட்டு, அடுத்த வரியில் காய்களைப் பட்டியல் போடுகிறார்.

2008 ஜூனில் ரயிலேறி அவருடைய சொந்த ஊரான ஃபொர்லிம்போபோலிக்குப் போனான். ஒவ்வொரு கோடையிலும் அங்கே அர்தூசி திருவிழா நடக்கிறது. பழைய மடாலயக் கட்டடம் ஒன்றில் அதற்கு முந்தின வருஷம்தான் 'காஸா அர்தூசி' என்ற பெயரில் வீட்டுச் சமையலுக்கென்று ஒரு நூலகமும் பள்ளியும் திறந்திருந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் வரிசையாக நின்று மாவு தேய்த்தார்கள். அர்தூசியின் சமையற்காரி மரியெத்தாவின் பெயரால் அவர்களை 'மரியெத்தே' என்கிறார்கள். அர்தூசி 1911இல் இறந்தபோது புத்தகத்தின் உரிமையை அந்த மரியெத்தாவுக்கும் இன்னொரு சமையற்காரரான பிரான்செஸ்கோவுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் செய்த நல்ல காரியங்களில் இதற்குத்தான் முதலிடம் தரவேண்டும்.

மார்ச்செல்லா ஹசான் அவனிடம் வந்தது தற்செயலாக. ஊர் திரும்பிய வெளிநாட்டு மாணவி ஒருத்தி விட்டுச்சென்ற புத்தகக் குவியலில், 1992இல் வந்த அவருடைய தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியச் சமையலை ஆங்கிலத்தில் படிப்பதா என்று சிஞ்ஞோரா கேட்டார். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்; அவர் பிறந்த செசெனாத்திகோ பொலோஞ்ஞாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்.

அவர் கதை அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1924இல் பிறந்தவர். ஏழு வயதில் எகிப்தின் அலெக்சாந்திரியா கடற்கரையில் விழுந்து வலது கை உடைந்து, கடைசிவரை நேராகவில்லை. ஃபெராரா பல்கலைக்கழகத்தில் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1955இல் விக்டர் ஹசானைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போனபோது அவருக்குச் சமைக்கவே தெரியாது. கணவர் சாயங்காலம் பசியோடு வருவார். கடையில் கோழி செல்லோபேன் உறைக்குள் பிணம்போலக் கிடந்தது. அந்த ஆதா போனியின் இன்னொரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். புத்தகம் வழிகாட்டியது, ஆனால் சரியா தப்பா என்று சொன்னது நாக்கு. அம்மாவும் பாட்டியும் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்த ஞாபகம் அதில் இருந்தது. 1969இல் சீனச் சமையல் கற்கப் போன வகுப்பில், கூடப் படித்த பெண்கள் 'உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள்?' என்று கேட்க, பதிலைக் கேட்டு அதைச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். வீட்டு அடுக்களையிலேயே வகுப்பு. மறுவருஷம் நியூயார்க் டைம்ஸின் கிரெய்க் கிளெய்போர்ன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து எழுதியதில் பெயர் பரவியது. 1973இல் முதல் புத்தகம். மார்ச்செல்லா இத்தாலியில் கையால் எழுதுவார், விக்டர் ஆங்கிலத்தில் ஆக்குவார். 1976இல் அவர் சமையல் பள்ளி தொடங்கியது இதே பொலோஞ்ஞாவில்தான்.

ராகூவில் அவர் பாலை ஒயினுக்கு முன்னால் ஊற்றச் சொல்கிறார், ஜாதிக்காயும் கொஞ்சம் துருவச் சொல்கிறார். சிஞ்ஞோராவுக்கு இது பிடிக்கவில்லை. அவன் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தான். அவன் நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சிஞ்ஞோராவிடம் சொல்லவும் இல்லை. ஆனால் தண்ணீரெல்லாம் வற்றி, கொழுப்பு பிரிந்து நிற்க வேண்டும் என்பதில் மார்ச்செல்லா, சிஞ்ஞோரா, திருநெல்வேலியில் இருந்த அம்மா மூன்று பேருக்கும் ஒரே பேச்சுதான்.

2008 கடைசியில் ஊர் திரும்பினான். பெட்டியில் ஒரு மத்தரெல்லோ இருந்தது. விமான நிலையத்தில் அதைக் கம்பு என்று நினைத்து இரண்டு பேர் விசாரித்தார்கள்.

2013 செப்டம்பர் 29 அன்று மார்ச்செல்லா ஃபுளோரிடாவில் இறந்தார், 89 வயது. செய்தியைப் படித்த வாரம் அவன் அவருடைய தக்காளிச் சாஸைச் செய்தான். அந்தப் புத்தகத்திலேயே அதிகப் பேர் செய்து பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்: தக்காளி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, வெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, உரித்து இரண்டாக வெட்டிய நடுத்தர வெங்காயம் ஒன்று, உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூடாமல், சிறு தீயில் 45 நிமிஷம். வதக்கக்கூட வேண்டாம். நாட்டுத் தக்காளி புளிக்கும் என்று பெங்களூர்த் தக்காளி வாங்கி, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையை வடிகட்டினான். வெண்ணெய் ஊத்துக்குளி.

அம்மா பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிஷத்தில், "ரெண்டு கறிவேப்பிலை போட்டா என்னய்யா?" என்றாள். இருபதாவது நிமிஷம் பூண்டு உரித்து வைத்திருந்தாள். முப்பதாவது நிமிஷம் மிளகாய்த்தூள் டப்பா அவள் கையில் இருந்தது. வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல, சிஞ்ஞோராவின் குரல் தனக்கு வந்துவிட்டதை உணர்ந்தான். அம்மாவை உட்காரவைத்து உரிக்கக் கொடுக்க வீட்டில் பட்டாணி இல்லை.

ஓரத்தில் வெண்ணெய் பிரிந்து மிதந்தபோது அவள்தான் முதலில் பார்த்தாள். "அணைச்சிரு, ஆயிட்டு" என்றாள்.

ஸ்பகெட்டியில் புரட்டி ஆளுக்கொரு தட்டு வைத்தான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, காரம் இல்லையே என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். மார்ச்செல்லாவின் செய்முறைப்படி, வெந்த வெங்காயத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும். அம்மா விடவில்லை. கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்து, மறுநாள் காலை பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள்.